உபயம்: சந்திரவதனா சோப் கம்பெனி

"என்னவே எழுதி வச்சிருக்கீரு?"

பூவனலிங்கம் போட்ட சத்தத்துக்குப் பெயிண்டர் காமராஜ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு பிளாஸ்டிக் சேரின் முதுகில் கடைசி எழுத்துக்குப் புள்ளி வைத்தார். அப்புறம் ரெண்டு எட்டு பின்னால் போய் நின்று அழகு பார்த்தார்.

'உபயம்: சந்திரவதனா சோப் கம்பெனி, சென்னை.'

"நீங்க சொன்னதைத்தான் அண்ணாச்சி எழுதியிருக்கேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் கம்பெனி பேரு தெரியணும்னு நேத்து சொன்னீங்கள்லா?"

"பேரு தெரியணும்னுதானே சொன்னேன்! உபயம்னு எவன் போடச் சொன்னான்?"

"சாமான்ல மொட்டையா பேரை மட்டும் எப்படிப் போட? முப்பது வருசமா கோயில் கோயிலா எழுதுதேன். டியூப்லைட்டு, கடிகாரம், செருப்பு வைக்கிற ஸ்டாண்டு, ஒண்ணு பாக்கி இல்ல. முன்னால உபயம் போடலைன்னா எனக்குக் கை ஓடாது அண்ணாச்சி."

ஒரு சேர் என்றால் பரவாயில்லை. இருபது சேர், நாலு ஸ்டாண்ட் ஃபேன், ஒரு அண்டா, ரெண்டு ஜமுக்காளம் எல்லாவற்றிலும் நீலப் பெயிண்டில் உபயம். விட்டிருந்தால் பாயில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளின் முதுகிலும் எழுதியிருப்பார் மனுசன்.

மணி ஒன்பது. பதினொரு மணிக்குக் கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள்.

கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகிற பெண்களின் கைக்குழந்தைகளைப் பகலில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஒரு காப்பகம் நடத்துகிறார் பூவனலிங்கம். டிரஸ்ட் என்று பேர். தலைவர், செயலாளர், வாட்ச்மேன் எல்லாம் அவர்தான். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவள் இசக்கிச்செல்வி. முப்பத்திரண்டு பிள்ளைகள். தலைக்கு மேலே தகரக் கூரை, அதில் பிள்ளைகளைவிட அதிகமாக ஓட்டை.

போன ஐப்பசி மழையில் பிள்ளைகளுக்குக் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். இந்த மழைக்கும் இதே கதிதான் என்றால் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம் என்று தாய்மார்கள் சொல்லிவிட்டார்கள். அனுப்பாவிட்டால் அவர்கள் வேலைக்குப் போக முடியாது. காப்பகத்தையும் மூட வேண்டியதுதான். இப்போது புரட்டாசி முடியப்போகிறது.

போன வருசம் சந்திரவதனா கம்பெனியின் மதுரை ஆபீசுக்கு ஒரு விண்ணப்பம் போட்டிருந்தார். ஃபேன், சேர், அண்டா, ஜமுக்காளம் கேட்டு. பதிலே இல்லை. வருசம் ஒன்று ஓடியபிறகு, 'நேரில் பார்வையிட வருகிறோம்' என்று சென்னையிலிருந்தே திடீர்க் கடிதம். பூவனலிங்கத்துக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கம்பெனிகளோடு கைகோத்து வேலைசெய்யத் தொண்டு நிறுவனங்களைத் தயார்செய்கிற பயிற்சி ஒன்று மதுரையில் நடப்பதாகக் கேள்விப்பட்டு, பஸ் பிடித்துப் போய்வந்தார்.

அங்கே டை கட்டிய ஒருவர் மத்தியானம் வரை பேசினார். பூவனலிங்கத்துக்குப் புரிந்தது மூன்று. வெறுங்கையோடு நிற்கிறவனுக்குக் கம்பெனி கொடுக்காது. உள்ளே வந்ததும் 'இது நம்ம இடம்' என்று கம்பெனிக்குத் தோன்றவேண்டும். என்ன கேள்வி கேட்டாலும் தயங்காமல் பதில் சொல்லவேண்டும்.

முதல் பாடத்துக்காகத்தான் வாடகைக் கடை சங்கரபாண்டியிடம் கெஞ்சி, ஃபேன், சேர், அண்டா, ஜமுக்காளம் எல்லாம் நேற்றே ஒரு நாளைக்கு இரவல் வாங்கிவந்தார். இதெல்லாம் ஏற்கெனவே இருக்கிறது, பாக்கி கூரைதான் என்று அவர்களுக்கே தோன்றிவிடும் அல்லவா? ரெண்டாவது பாடத்துக்காகக் காமராஜைக் கூப்பிட்டார். வினை அங்கேதான் வந்தது.

"குடுத்தவிய பேரை எழுதலாம்," என்றாள் இசக்கிச்செல்வி, இடுப்பில் ஒரு பிள்ளையோடு. "குடுக்காதவிய பேரை எழுதி வச்சா என்ன நினைப்பாவ? நாமதான் எல்லாம் குடுத்தாச்சே, இன்னும் என்னத்துக்குக் கூரைன்னு காரைத் திருப்பிட்டுப் போயிருவாவ."

பூவனலிங்கம் ஒரு பழந்துணியை இழுத்தெடுத்தார். "செல்வி, சீமெண்ணெய் எடு!"

சீமெண்ணெய்த் துணியால் அழுத்தித் துடைத்தார்கள். சந்திரவதனா சோப் கம்பெனி நீலமாகக் கரைந்து ஓடியது. உபயம் மட்டும் அசையவில்லை. காமராஜ் நேற்றைக்கே எல்லாவற்றிலும் உபயத்தை எழுதிக் காயவைத்துவிட்டு, இன்றைக்குத்தான் பேரை எழுதியிருந்தார். இப்போது இருபது சேரிலும் வெறும் உபயம்.

"நல்லாப்போச்சு," என்றாள் இசக்கிச்செல்வி. "இனி ஊர்ல எவன் வேணாலும் வந்து நான்தான் குடுத்தேன்னு சொல்லிக்கிடலாம்."

"பேசாம பேரைத் திருப்பி எழுதிருவோமா அண்ணாச்சி? மொட்டை உபயம் விளங்காது," என்றார் காமராஜ்.

பூவனலிங்கம் தலையில் கைவைத்துக்கொண்டு ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தார். ஒன்றும் ஓடவில்லை. "எழுதித் தொலையும். எழுதிட்டு, எழுத்துத் தெரியாம எல்லாத்தையும் சுவர்ப் பக்கமாத் திருப்பி வச்சிருவோம்."

எழுதினார்கள். இருபது சேரையும் சுவரோடு சேர்த்துத் தள்ளினார்கள். ஃபேனைத் திருப்பினார்கள். ஜமுக்காளத்தைப் புரட்டிப் போட்டார்கள். பூவனலிங்கத்துக்கு அப்போதுதான் கொஞ்சம் மூச்சு வந்தது. ஒரு பிள்ளை சேருக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டு அழ, அதை எடுக்க இசக்கிச்செல்வி ஒரு சேரை இழுத்தாள்.

"அண்ணாச்சி," என்றாள் மெதுவாக.

சுவரில் இடவலம் மாறி நீலமாகப் பதிந்திருந்தது கம்பெனியின் பெயர். அடுத்த சேரை இழுத்தார்கள். அங்கேயும். காப்பகத்தின் சுவர் முழுக்க இப்போது கம்பெனி உபயம்.

வாசலில் கார் நின்ற சத்தம் கேட்டது. மணி பத்துகூட ஆகவில்லை.

காரிலிருந்து இறங்கியவர் சத்யபிரியா. சென்னைத் தலைமை ஆபீஸ் அதிகாரி. முப்பத்தைந்து வயதிருக்கும், முகத்தில் சிரிப்பு மருந்துக்கும் இல்லை. கையில் ஒரு கனத்த ஃபைல். மதுரை ஆபீஸ் கார் டிரைவர் மாயகிருஷ்ணன் பின்னாலேயே வந்து வாசல் நிலையில் சாய்ந்துகொண்டார்.

"வாங்க மேடம், வாங்க! பதினொரு மணின்னு..."

"சொல்லாம சீக்கிரம் வர்றதுதான் என் வழக்கம்," என்றார் சத்யபிரியா. மாலையை வாங்கவில்லை. இளநீரையும் வேண்டாம் என்றுவிட்டார். நேராகப் போய் ஒரு ஃபேனைப் பிடித்துத் திருப்பினார். எழுத்தைப் படித்தார். ஃபைலைத் திறந்து பார்த்தார். மறுபடி ஃபேனைப் பார்த்தார்.

பூவனலிங்கம் எட்டிப் பார்த்தார். ஃபைலில் இருந்தது அவருடைய விண்ணப்பத்துப் பட்டியல்தான். அதே நாலு ஃபேன், அதே இருபது சேர். சத்யபிரியா பேனாவை எடுத்து ஃபேனுக்கு நேராக ஒரு டிக் போட்டார். எதற்கு டிக் போடுகிறார், கொடுப்பதற்கா, கொடுக்காமல் இருப்பதற்கா, ஒன்றும் விளங்கவில்லை.

"ஃபேன் நாலும் ஓடுதா?"

"ஓடுது மேடம்."

"எவ்வளவு நாளா யூஸ் பண்றீங்க?"

நேற்றிலிருந்து என்று சொல்லமுடியுமா? இரவல் என்று தெரிந்தால் மானம் போய்விடும். மூன்றாவது பாடம் ஞாபகம் வந்தது. தயங்கக்கூடாது. "ரொம்ப நாளா மேடம்!" என்றார் பூவனலிங்கம் நெஞ்சை நிமிர்த்தி.

சத்யபிரியாவின் புருவம் ஏறியது. சேர்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். "சின்னக் குழந்தைங்களுக்கு இவ்வளவு பெரிய சேர் எதுக்கு?"

"வளருத பிள்ளைக மேடம்."

இன்னொரு டிக். அப்போதுதான் விரலைப் பார்த்தார். விரல் நீலமாக இருந்தது.

"பெயிண்ட் ஈரமா இருக்கே?"

இசக்கிச்செல்வி முன்னால் வந்தாள்.

"அப்பப்ப புதுசா எழுதிக்கிட்டே இருப்போம் மேடம். குடுத்தவிய பேரு மங்கிரக்கூடாதுல்லா?"

சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. பூவனலிங்கம் அவளை முறைத்தார். அவள் பிள்ளையின் மூக்கைத் துடைக்கிற சாக்கில் குனிந்துகொண்டாள்.

சத்யபிரியா சுவரைப் பார்த்தார். இடவலம் மாறிய எழுத்தைத் தலையைச் சாய்த்துப் படிக்கப் பார்த்தார். "சுவர்லயுமா?"

"ஒரு... ஒரு பிரியத்துல மேடம்," என்றார் பூவனலிங்கம்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு டெம்போ வந்து நின்றது. அதிலிருந்து குதித்து இறங்கினார் வாடகைக் கடை சங்கரபாண்டி.

"வே பூவனலிங்கம்! கயத்தாத்துக் கல்யாண வீட்டுல ஆள் கூடிட்டு. என் சேரை எடும். அண்டாவை எடும்!" என்றபடி உள்ளே வந்தவர் ஒரு சேரின் முதுகைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். "என்னவே இது? சோப்புக் கம்பெனி உபயமா? இதைக் கொண்டுபோயி மாப்பிள்ளை வீட்டுக்காரனை உக்காரவச்சா, பொண்ணு வீட்டுக்காரன் தர்மச் சேர் போட்டிருக்கான்னு சொல்லமாட்டானா?"

"யார் இவர்?" என்றார் சத்யபிரியா.

"மேடம், இவிய... இவிய வந்து..."

"கல்யாண வீட்டுக்கு இரவல் கேட்டு வந்திருக்காவ மேடம்," என்றாள் இசக்கிச்செல்வி. "நம்ம சாமான் ஊருக்கும் பொதுவாப் பயன்படட்டும்னு அண்ணாச்சி கேக்கிறவியளுக்கெல்லாம் குடுத்துருவாவ."

இருபது வருசம் ஊருக்கே வாடகைக்கு விட்ட சங்கரபாண்டி, தன் சொந்தச் சேரை இரவல் கேட்டு வந்தவராக நின்றார்.

சத்யபிரியாவின் முகம் முதல்முறையாக இளகியது. "வெரி குட். இது லிஸ்ட்லயே இல்லாத பயன்." ஒரு தாளை எடுத்து நீட்டினார். "சார், பயனாளின்னு இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

"நான் எதுக்கு..."

டெம்போக்காரன் ஹாரனை விடாமல் அடித்தான். பூவனலிங்கம் சங்கரபாண்டியின் கையைப் பிடித்துக்கொண்டு, "போடும்வே, உம்ம காலைக் கழுவிக் குடிக்கேன், போடும்," என்று காதுக்குள் கெஞ்சினார். சங்கரபாண்டி பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். சேர்களைத் தானே சுமந்து டெம்போவில் ஏற்றினார். போகும்போது பூவனலிங்கத்தைப் பார்த்த பார்வையில், சாயங்காலம் பெரிய கச்சேரி இருக்கிறது என்று தெரிந்தது.

சத்யபிரியா ஃபைலை மூடினார். "சார், உங்ககிட்ட நான் ஒரு மன்னிப்புக் கேக்கணும்."

"எங்கிட்டயா?"

"போன வருஷம் எங்க மதுரை மேனேஜர் இந்தச் சாமானெல்லாம் உங்களுக்குக் கொடுத்ததா ரிப்போர்ட் அனுப்பியிருந்தார். எதையுமே கொடுக்காம அவரே சுருட்டிட்டார்னு எங்களுக்குச் சந்தேகம். அவரைக் கையும் களவுமாப் பிடிக்கத்தான் வந்தேன். இங்க வந்து பார்த்தா எல்லாம் அப்படியே இருக்கு. பேரோட இருக்கு. எங்க மேனேஜர் கொடுத்ததுதானே இதெல்லாம்?"

பூவனலிங்கத்துக்குத் தலை சுற்றியது. கொடுத்ததா? யார் கொடுத்தது? யாருக்கு? விண்ணப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு அதையே பட்டியலாகப் போட்டு அனுப்பியிருக்கிறானே படுபாவி! கோபத்தில் காது சூடேறியது.

"மேடம், ஒரு விசயம் உள்ளபடி சொல்லிருதேன்..."

"சொல்லுங்க. அதுக்கு முன்னால நான் ஒண்ணு சொல்லிடறேன். கொடுத்த பொருளை இவ்வளவு மரியாதையா வச்சிருக்கிற இடத்தை நான் பார்த்ததே இல்ல. இந்த வருஷம் உங்களுக்கு என்ன வேணும்? கூரைதானே?" சத்யபிரியா அண்ணாந்து பார்த்தார். "மழைக்கு முன்னாடி முழுசா மாத்திடலாம். நான் இப்பவே எழுதிடறேன்."

கூரை ஓட்டை வழியாக வெயில் இறங்கி, பாயில் கிடந்த ஒரு பிள்ளையின் கண்ணில் விழுந்தது. அது முகத்தைச் சுளித்துப் புரண்டு படுத்தது. பூவனலிங்கம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். உண்மையைச் சொன்னால் அந்தக் களவாணி மாட்டுவான், கூரையும் போகும். சொல்லாவிட்டால் களவாணி தப்பிப்பான், கூரை வரும். இசக்கிச்செல்வி அவர் வாயையே பார்த்தாள்.

"என்னவோ சொல்ல வந்தீங்களே?"

"மேனேஜர் சார்..." பூவனலிங்கம் கூரையைப் பார்த்தார். "மேனேஜர் சார் தங்கமான மனுசன் மேடம்."

சத்யபிரியா எழுதினார். கையெழுத்துப் போட்டார். கைகொடுத்தார். இந்தத் தடவை இளநீரையும் வாங்கிக் குடித்தார். பூவனலிங்கத்துக்கு வெட்கமாக இருந்தது, சந்தோசமாகவும் இருந்தது, எது முதலில் என்று தெரியவில்லை. திருட்டுப் பயலைக் காப்பாற்றிவிட்டோமே என்று ஒரு பக்கம் குத்தியது. முப்பத்திரண்டு பிள்ளையும் நனையாதே என்று இன்னொரு பக்கம் கண்ணில் நீர் முட்டியது. இசக்கிச்செல்வி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

சத்யபிரியா காரில் ஏறி உட்கார்ந்தார். தெருமுனையில் நின்று செல்போனில் யாரிடமோ பேசி முடித்த டிரைவர் மாயகிருஷ்ணன் ஓட்டமாக வந்து, பூவனலிங்கத்தின் கையைப் பிடித்துக் கொஞ்சம் ஓரமாக அழைத்துப்போனார்.

"மேனேஜர் சாருக்கு இப்பத்தான் போன்ல எல்லாத்தையும் சொன்னேன் அண்ணாச்சி, மனுசன் அழுதே போயிட்டாவ. கூரை வேலையும் அவிய பொறுப்புலதான் வருதாம், நீங்க எதுக்கும் அலைய வேண்டாமாம். போன தடவை மாதிரியே உபயம்னு பேரை மட்டும் எழுதி வச்சிட்டா, மத்ததை அவிய பாத்துக்கிடுதாவளாம்!"