மூக்கால் இரத்தம் வந்த பேக்கரிக்காரன்

நான் கூச்சம் பிடித்த மீன் வியாபாரி. இந்த இரண்டும் ஒரே ஆளில் இருக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். மற்றவர்கள் வேலணை ஒழுங்கைகளில் "விளைமீன், பாரை, சூடை" என்று கூவிக்கொண்டு போவார்கள். நான் மோட்டார் சைக்கிளை நிறுத்தி ஹோர்னை மட்டும் அடிப்பேன். என்ன மீன் என்று யாராவது கேட்டால் பெட்டியைத் திறந்து காட்டுவேன். (திருக்கை இருக்கிற நாளில் திறக்கவும் தேவையில்லை. அது தன்னைப் பற்றித் தானே சொல்லிவிடும்.) இப்படிப்பட்ட நான் நாற்பத்தெட்டு வயதில் ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று புத்தக விமர்சனம் செய்தேன். அதன் பலனை இன்றைக்கும் வீட்டில் அனுபவித்துக்கொண்டிருக்கிறேன்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. காரணம் இடம்பெயர்வு என்று சொன்னால் மரியாதையாக இருக்கும். பாதிக் காரணம் அதுதான். மற்றப் பாதி கணக்கு வாத்தியார். பத்திரிகை வாசிப்பேன், கலியாணக் கார்ட் வாசிப்பேன். தடித்த புத்தகம் ஒன்றைத் திறந்தால் மட்டும் மூன்றாம் பக்கத்திலேயே எழுத்தெல்லாம் சூடை மீன் கூட்டம் போலச் சேர்ந்து ஓடத் தொடங்கிவிடும்.

எங்கள் ஊர் நூலகத்துக்கும் நான் முதலில் போனது வாசிக்க அல்ல, நிழலுக்கு. வியாபாரம் முடிந்ததும் அதன் வேப்பமரத்தடியில் பெட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கொஞ்சம் இருப்பேன். ஒருநாள் மழை பிடித்ததால் உள்ளே ஒதுங்கினேன். கனடாவில் இருக்கும் எங்கள் ஊர்க் குடும்பம் ஒன்று, பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள் என்று மூன்று பெட்டி புத்தகம் அனுப்பியிருந்தது. நூலகர், ஒரு இளம் பெண், அவற்றைத் தனி அலுமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தார். பாதிக்கு மேல் படக்கதை.

"பாக்கிறதெண்டால் பாருங்கோ அண்ணை," என்றார் அவர். "ஆனால் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிப்போட்டுத் தொடுங்கோ."

கழுவினேன். போதவில்லை. நான் எடுத்துத் திருப்பிக் கொடுத்த புத்தகம் எது என்று பதிவேட்டைப் பார்க்கத் தேவையில்லாமல் போயிற்று. நூலகத்துப் பூனை அதன்மேல்தான் படுத்திருக்கும்.

படக்கதைகளில் அநேகம் ஆங்கிலம். அது எனக்குத் தெரியாது. ஆகவே எழுத்தை விட்டுவிட்டுப் படத்தை வாசித்தேன். முதல் நாள் வீட்டுக்குக் கொண்டுபோன புத்தகத்தை என் மகள் மதுரா எட்டிப் பார்த்தாள். அவள் அப்போது உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, உது யப்பான் புத்தகம். வலப்பக்கத்தால தொடங்கோணும்."

"அப்ப நான் வாசிச்சது?"

"முடிவில இருந்து."

(செத்த கிழவன் எழும்பி, வாலிபனாகி, கடைசியில் தாயின் மடியில் போய்ப் படுத்ததை நான் நல்ல கற்பனை என்று நினைத்திருந்தேன்.) அன்றோடு யப்பான் படக்கதையில் எனக்குத் தெரியாத இரகசியம் இனி இல்லை என்று முடிவுகட்டினேன். மனிதன் கெடுவது இந்த இடத்தில்தான்.

அந்த அலுமாரியில் இருந்து நான் அறுபத்தொரு புத்தகம் முடித்தேன். அதற்கு முன் என் வாழ்நாளில் முடித்த புத்தகங்கள்: பூச்சியம். அபிப்பிராயங்களும் வளர்ந்தன. யப்பான்காரர் மீன் வரைவதில் கெட்டிக்காரர். கறுப்பு வெள்ளைப் படத்திலேயே கண்ணைப் பார்த்து அது இன்றைய மீனா நேற்றைய மீனா என்று சொல்லலாம். இளம் பிள்ளைகளுக்கென்று தமிழில் வந்த கதைகளும் அங்கே இருந்தன. அவற்றில் பதினாறு வயதுப் பிள்ளை ஒன்று உலகத்தைக் காப்பாற்றும். அதன் தாய் தகப்பன் ஒன்றில் செத்திருப்பார்கள், இல்லாவிட்டால் தூர தேசத்தில் இருப்பார்கள். இது எழுதுகிறவர்களின் பிழை இல்லை. தாய் வீட்டில் இருந்தால் "எங்க வெளிக்கிட்டிட்டாய்? சாப்பிட்டிட்டுப் போ" என்று மறிப்பாள். உலகம் அழிந்துவிடும்.

இன்னொன்றில் ஒரு குடும்பம் வள்ளத்தில் ஏறி ஊரைவிட்டு ஓடுகிறது. வள்ளம் பிழையாக வரையப்பட்டிருந்தது. அத்தனை பேர் ஏறினால் முன் அணியம் அவ்வளவு உயரத்தில் நிற்காது. ஆனால் தாய் மடியில் வைத்திருந்த துணிப் பொட்டலத்தின் முடிச்சு சரி. எங்கள் அம்மாவும் அப்படித்தான் முடிச்சுப் போட்டவர். அன்று நான் மேலே வாசிக்கவில்லை.

இந்த அலுமாரிக்குத்தான் ஆபத்து வந்தது. வாசகர் வட்டத்தின் தலைவர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவர். ஒருநாள் அவர் நூலகரிடம் சொன்னது அலுமாரிக்குப் பின்னால் குந்தியிருந்த எனக்குக் கேட்டது.

"உது புத்தகமே? பிள்ளையளின்ர வாசிப்பைக் கெடுக்கிற சாமான். மீன் சுத்தத்தான் உதவும்."

மீன் சுற்றுவதில் எனக்கு அனுபவம் உண்டு. அந்தத் தாள் வழுவழுப்பானது, மீன் வழுக்கி விழும். எழும்பிச் சொல்லியிருக்கலாம். கூச்சம்.

வாசிப்பு மாதக் கூட்டத்தில் அலுமாரியை எடுப்பதா வைப்பதா என்று தீர்மானிப்பதாக அதிபர் சொல்லிவிட்டுப் போனார். நூலகர் என்னிடம் வந்தார்.

"அண்ணை, பெரிய ஆக்களில இதை வாசிக்கிறது நீங்கள் ஒராள்தான். நீங்கள் எழும்பிக் கதைச்சால்தான் இது நிக்கும்."

"எனக்கு ஏலாது பிள்ளை."

மதுரா விடவில்லை. "அப்பா, உங்களுக்கு அந்த அலுமாரி வேணுமோ, வேண்டாமோ?" என்று கேட்டாள். அது போனால் நான் மறுபடியும் வேப்பமரத்தடியில் பெட்டியைக் கழுவிக் கவிழ்க்கிற ஆள் மட்டும்தான்.

"கதையுங்கோ," என்றாள் என் மனைவி குசினியில் இருந்து. "ஆனால் வடிவாக் குளிச்சிட்டுப் போங்கோ."

எந்தப் புத்தகத்தைப் பற்றிக் கதைப்பது? எட்டுப் பாகத்தில் ஒரு கதை இருந்தது. பேக்கரியில் வேலை செய்யும் ஒரு பெடியன், அங்கே மா கொண்டுவந்து இறக்கும் ஒரு பெண். அந்தப் பெடியனுக்கு அடிக்கடி மூக்கால் இரத்தம் வரும். (படத்தில் கறுப்பாகத்தான் இருந்தது. ஆனால் மூக்கில் இருந்து குழாய்த் தண்ணீர் போலக் கறுப்பாக வேறென்ன வரப்போகிறது?)

அப்போது எங்கள் பக்கம் மழைக்காலம். காய்ச்சல், தலைச்சுற்று, மூக்கால் இரத்தம் என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று ஒலிபெருக்கி கட்டின ஓட்டோ நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளை டெங்குக் காய்ச்சலோடு ஐந்து நாள் ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில் இருந்து வந்தது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எங்கள் வளவுக்கும் வந்து, வீட்டுப் பின்கோடிக்குள் கிடந்த சிரட்டைகளை அயலட்டை பார்க்கக் கவிழ்த்துவிட்டுப் போயிருந்தார். அவர்தான் கூட்டத்துக்குச் சிறப்பு விருந்தினர் என்று கேள்விப்பட்டதும் என் தலைக்குள் விளக்கு எரிந்தது. அதிபரின் வாயை அடைக்க இதைவிட நல்ல புத்தகம் கிடைக்குமா? யாருக்கும் சொல்லவில்லை. மதுராவுக்கும் சொல்லவில்லை. அவளை வியப்பில் ஆழ்த்தலாம் என்று நினைத்தேன். ஆழ்த்தினேன்.

சனிக்கிழமை காலை. ஒரு பக்கம் பள்ளிக்கூடப் பிள்ளைகள், மறுபக்கம் தாய்மார். முன்கதிரையில் அதிபரும் பரிசோதகரும். நான் நீளக்கைச் சேட்டோடு எழும்பினேன்.

"எல்லாருக்கும் வணக்கம். இந்தப் படக்கதையள் பிள்ளையளைக் கெடுக்குது எண்டு சொல்லினம். நான் அப்பிடிச் சொல்ல மாட்டன். என்ர கையில இருக்கிறது டெங்கைப் பற்றின புத்தகம்."

பரிசோதகர் நிமிர்ந்து உட்கார்ந்தார். எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

"இந்தப் பேக்கரிப் பெடியனைப் பாருங்கோ. கன்னத்தில கோடு கோடாப் போட்டிருக்கு. காய்ச்சல். நெத்தியில வேர்வை. கண்ணுக்குள்ள சுருள் சுருளா வரைஞ்சிருக்கு. தலைசுத்து. பேந்து மூக்கால இரத்தம். முதலாம் பாகத்தில ரெண்டு தரம், மூண்டாம் பாகத்தில அஞ்சு தரம்!"

பிள்ளைகள் பக்கம் ஒரு இருமல் கேட்டது. பிறகு நாலைந்து இருமல். மதுரா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தாள். தகப்பன் மேடையில் கதைக்கிறானே என்று பிள்ளை பெருமையில் அழுகிறது என்று நினைத்தேன்.

"நான் வடிவா அவதானிச்சனான். மா கொண்டுவாற பிள்ளை வந்தால்தான் இவனுக்கு வருத்தம் கூடுது. திருவிழாவுக்கு அவள் நல்லா உடுத்து, தலைக்குப் பூ வைச்சுக்கொண்டு வந்த நாள் ஆள் விழுந்தே போனான். அப்ப நுளம்பு எங்க பெருகுது? அவளின்ர வீட்டில! முதல்ல அவளின்ர கிணத்தடியைத்தான் பரிசோதிக்கோணும்!"

பரிசோதகர் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். (சத்தியமாக.)

"அண்ணை, முடிவில பெடியன் தப்புறானோ?" என்று கேட்டார்.

"ஓம் சேர். எட்டாம் பாகத்தில அவளையே கலியாணம் கட்டுறான். அதுக்குப் பிறகு ஒரு சொட்டு இரத்தம் இல்லை. முழுச் சுகம்."

"அருமை," என்று அவர் எழும்பினார். "அந்தப் படத்தைத் தாருங்கோ. பெரிசா அடிச்சுச் சந்தியில கட்டுவம். பள்ளிக்கூடங்களுக்கும் கொண்டுபோவம்."

அப்போதுதான் மதுரா எழும்பி நின்றாள். சந்தியில் அந்தப் படம் தொங்குவதை நினைத்திருப்பாள்.

"அப்பா, அது டெங்கு இல்லை."

"பின்ன என்ன?"

அவள் நிலத்தைப் பார்த்தாள். "யப்பான் படக்கதையில வெக்கத்துக்குத்தான் கன்னத்தில கோடு கீறுவினம். மூக்கால இரத்தம் எண்டால்… பெடியனுக்கு… அந்தப் பிள்ளையில… விருப்பம்."

ஒலிவாங்கி என் வாய்க்குப் பக்கத்தில் இருந்ததால், நான் மெதுவாகச் சொன்ன "ஐயோ கடவுளே" வேப்பமரம் வரைக்கும் கேட்டது.

பிள்ளைகள் அதுவரை அடக்கி வைத்திருந்த இருமலெல்லாம் ஒரேயடியாக வெடித்தது. தாய்மாருக்கு விளங்க இன்னும் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு பின்வரிசையில் இருந்து ஒரு அக்கா, "அவர் சொன்னது சரிதானே. கட்டின பிறகு எங்க வாறது, ஒரு சொட்டும் வராது!" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் அடங்கவே இல்லை. எல்லாரிலும் கூடச் சிரித்தது என் மனைவி. பரிசோதகர் குறிப்புக் கொப்பியைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டார்.

அதிபர் மட்டும் சிரிக்கவில்லை. எழும்பி வந்து என் கையில் இருந்த புத்தகத்தை வாங்கினார். அலுமாரியின் கதை முடிந்தது, அதை முடித்தவன் நான்தான் என்று நினைத்துக்கொண்டேன். அவர் புத்தகத்தைத் திறந்தார்.

"சேர்," என்றேன். "வலப்பக்கத்தால."

அன்று நான் சொன்னதில் அது ஒன்றுதான் சரி. அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு புத்தகத்தைத் திருப்பினார். நின்றபடியே ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். திருவிழாப் பக்கம் வந்தபோது முகம் அசையவில்லை, தோள் மட்டும் இரண்டு தரம் குலுங்கியது.

"தீர்மானம் ஒத்திவைக்கப்படுது," என்றார். "எட்டுப் பாகமும் விசாரணைக்கு என்னோட இருக்கட்டும்."

அடுத்த இரண்டு கிழமை நான் அவருடைய ஒழுங்கையில் ஹோர்ன் அடிக்கவில்லை. மூன்றாம் கிழமை வேறு வழியில்லாமல் போனேன். வழமையாக அவருடைய மனைவிதான் வாசல் படலைக்கு வருவார். அன்று அதிபரே வந்தார். பெட்டிக்குள் எட்டியும் பார்க்கவில்லை.

"இஞ்ச பாரும், ஆறாம் பாகத்தில அந்த மாக்காரப் பிள்ளை ஏன் அழுகுது?"

"சேருக்கு இங்கிலீஷ் தெரியும்தானே?"

"வாசிச்சனான். அவள் சொல்லுறது ஒண்டு, முகம் சொல்லுறது வேற. நீர் என்ன நினைக்கிறீர்?"

"அது அழுகையில்லை சேர், கோபம். கண்ணீர் கீழ விழேல்லை, பக்கத்தால பறக்குது."

அவர் விரலால் காற்றில் ஒரு கண்ணீரைக் கீறிப் பார்த்தார். "ஓம்," என்றார். "பக்கத்தாலதான் பறக்குது." சொல்லிக்கொண்டே உள்ளே போய்விட்டார். மீன் வாங்க மறந்துவிட்டார்.

அலுமாரி இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறது. தாய்மாரும் இப்போது நூலகத்தில் அங்கத்தவர்கள். பேக்கரிக்காரனின் முதலாம் பாகம் ஒருநாளும் தட்டில் இருந்ததில்லை, பூனைக்குத்தான் படுக்க இடமில்லாமல் போய்விட்டது. பரிசோதகர் வழியில் என்னைக் கண்டால் "அண்ணை, மூக்கு எப்பிடி?" என்று கேட்பார். ஒழுங்கைப் பிள்ளைகளுக்கு நான் "டெங்கு மாமா."

வீட்டில்தான் பெரிய தொல்லை. போன மாதம் பக்கத்து ஊரான சரவணையில் ஒரு கலியாணம். மனைவி புதுச் சேலை உடுத்து, தலைக்குப் பூ வைத்துக்கொண்டு அறையை விட்டு வெளியே வந்தாள்.

"அப்பா, பஞ்சு கொண்டுவரட்டோ?" என்றாள் மதுரா.

"சும்மா இரு பிள்ளை," என்றாள் மனைவி. "உவருக்கு இருபது வருஷத்துக்கு முன்னமே முழுச் சுகம்."

கதைத்துப் பட்டது போதும். சட்டைப் பையில் இருந்து லேஞ்சித் துணியை எடுத்து, மெதுவாக மூக்கில் வைத்துக்கொண்டேன்.

மதுரா கதிரையில் விழுந்து விழுந்து சிரித்தாள். மனைவி "விசர் மனிசன்" என்று சொல்லிக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பினாள். திரும்புவதற்குள் கன்னத்தைக் கண்டுவிட்டேன். கோடு கோடாக.

அது காய்ச்சல் இல்லை என்று இப்போது எனக்குத் தெரியும்.