மூட்டைக்கு ஒரு பிடி, கல்லூரிக்கு ஒரு பையன்

கொச்சங்காடி,
18-6-1962

அன்புள்ள மச்சான் அப்துல் நாசர் அவர்களுக்கு, மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்கிலிருந்து மைத்துனன் நூர் முகம்மது எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே மழையும் நானும் குறைவில்லாமல் இருக்கிறோம். பாலக்காட்டில் தாங்களும் தங்கச்சி லதீஃபாவும் பிள்ளைகளும் அப்படியே இருக்க அல்லாஹ் அருள்வானாக.

மருமகன் ஷௌகத் அலிக்கு இஞ்சினியரிங் படிக்கத் திருவனந்தபுரத்திலும் கோயம்புத்தூரிலும் இடம் கிடைத்திருப்பதாகவும், இருபத்தைந்தாம் தேதிக்குள் ஒன்றுக்குச் சம்மதம் எழுதாவிட்டால் இரண்டும் கைவிட்டுப் போகும் என்றும், உலகம் தெரிந்த நானே முடிவு சொல்லவேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். சரியான ஆளைத்தான் கேட்டீர்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றது எனக்குப் படிப்பு வராததால் அல்ல. என் கேள்விகளுக்கு வாத்தியாருக்குப் பதில் வராததால். துறைமுகத்துப் பெரிய இஞ்சினியர் என்னைக் கேட்காமல் எதுவும் செய்யமாட்டார். போன மாசம்கூடப் படகில், "கொஞ்சம் தள்ளி உட்காரலாமா?" என்று என்னிடம்தான் கேட்டார்.

ஒரு கல்லூரிக்குள்ளே என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று மூன்று நாளாக ஒரே யோசனை. மிளகு வாங்கும்போது மூட்டை முழுவதையுமா கொட்டிப் பார்க்கிறோம்? ஒரு பிடி அள்ளித் தண்ணீரில் போட்டால் கனமானது முங்கும், பொக்கு மிளகு மிதக்கும். அதுபோலக் கல்லூரிக்கு ஒரு பையனாக, லீவுக்கு வந்திருந்த இருவரை அழைத்தேன். நீலகண்டன் படிப்பது திருவனந்தபுரத்தில். பள்ளுருத்தி சங்கரலிங்கம் கோயம்புத்தூரில். சாயாவும் பழம்பொரியும் கொடுத்து, எட்டு நாளாகச் சிக்கி நிற்கும், மூட்டை தூக்கும் கப்பியைக் காட்டினேன். நீலகண்டன் சாக்கட்டியால் சுவர் முழுக்கப் படம் போட்டு முக்கால் மணி நேரம் பேசினான். ஒரு வார்த்தை விளங்கவில்லை மச்சான், அவ்வளவு கனமான படிப்பு! கப்பி மட்டும் அசையவில்லை. சங்கரலிங்கமோ ஏணியில் ஏறி, சிக்கியிருந்த சணலைப் பிடுங்கிப் போட்டு, இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டான். கப்பி சுற்றியது.

"அவ்வளவுதான் மாமா."

"எடேய், படம் எங்கே?"

"படம் எதுக்கு? ஓடுதுல்ல?"

"இதுக்கா நாலு வருஷப் படிப்பு? எண்ணெய் விட நம்ம அந்தப்பன் சேட்டன் போதுமேடா!"

மூட்டை சுமக்கும் அந்தப்பன் திரும்பிப் பார்த்தார். "அப்போ எட்டு திவசமா எல்லாத்தையும் எங்க முதுகுல ஏத்துனது எந்தினா இக்கா?"

அது வேறு விஷயம். கோயம்புத்தூர் மிதந்துவிட்டது, மச்சான். திருவனந்தபுரத்துக்கே சம்மதம் எழுதுங்கள். போகிற வழியில் பையன் இங்கே இறங்கினால், அவர்கள் விட்டதை நான் சொல்லிக்கொடுப்பேன்.

தங்கச்சிக்கு என் துஆ, சின்னதுகளுக்கு முத்தம்.

இப்படிக்கு,
நூர் முகம்மது

பி.கு.: உறையை ஒட்டப் பசை தேடும்போது ஷௌகத்தே வாசலில் வந்து நிற்கிறான். முந்தாநாள் கோயம்புத்தூரில் சேர்ந்துவிட்டானாம்! உங்களிடம் சொல்லப் பயந்து என்னிடம் வந்திருக்கிறான். "ஏண்டா?" என்றேன். "சும்மா பார்க்கத்தான் போனேன் மாமா. ஒரு பெரிய எஞ்சினைப் பிரிச்சுப் போட்டிருந்தாங்க. பார்த்துக்கிட்டே நின்னதுல வண்டியை விட்டுட்டேன். மறுநாள் அங்கேயே சேர்ந்துட்டேன்" என்றான். அதற்குள் என்ன இருந்தது என்று கேட்டேன். சாயா ஆறும்வரை சொன்னான். எனக்கு எல்லாம் விளங்கிற்று, மச்சான். ஆகவே மேலே திருவனந்தபுரம் என்று உள்ள இடத்தையெல்லாம் கோயம்புத்தூர் என்றும், கோயம்புத்தூரைத் திருவனந்தபுரம் என்றும் திருத்தி வாசிக்கவும். முடிவு நான் சொன்னதுதான், பையனை ஏசவேண்டாம்.