விழச் சொல்லித்தரும் இடம்

இந்தக் காலத்தில் ஒருத்தன் வண்டியோடு ரோட்டில் விழுந்தால் தூக்கிவிட எவனும் கை நீட்டுவதில்லை. நீட்டினாலும் அந்தக் கையில் செல்போன் இருக்கும். படம் பிடித்து முடித்த பிறகுதான் உயிர் இருக்கிறதா என்றே பார்ப்பார்கள். இப்படிப்பட்ட ஜனங்களை நம்பித் தன் மகள் கண்ணை மூடிக்கொண்டு மல்லாக்க விழுவதை ஜன்னல் வழியாகப் பார்த்ததும் கொளஞ்சியப்பன் ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

டான்ஸ் கிளாஸ் என்றுதான் பாரதி சொல்லியிருந்தாள். காலேஜ் விழாவுக்குப் புது மாதிரி ஆட்டமாம். கள்ளக்குறிச்சியில் ஒரு பழைய ஜவ்வரிசிக் குடோனில் அருள்மொழி என்ற டீச்சர் சொல்லித் தருகிறாராம். வயசுப்பெண்ணைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் எலவனாசூர்கோட்டையிலிருந்து அவரும் கூடவே பஸ் ஏறி வந்தார். சலங்கை இருக்கும், பாட்டு இருக்கும் என்று நினைத்தார். இரண்டும் இல்லை. பிள்ளைகள் வட்டமாக நிற்க, நடுவில் பாரதி மரக்கட்டை மாதிரி சாய்கிறாள். ஒருத்தி தாங்கி இன்னொருத்தன் பக்கம் தள்ளுகிறாள்.

"யோசிக்காத பாரதி. நீ விழு. புடிக்கிறது அவங்க வேல," என்றார் டீச்சர்.

இப்படி விழுந்த இன்னொரு பெண்ணைக் கொளஞ்சியப்பனுக்குத் தெரியும். அவருடைய தங்கச்சி. நின்ற இடத்திலேயே கண் செருகிப் பின்னால் சாய்வாள். காத்து சேட்டை, பேய் பிடித்திருக்கிறது என்று கோயில் கோயிலாக அழைத்துப் போனார்கள். ஒருநாள் கிணற்றோரம் சாய்ந்தாள். பின்னால் யாரும் இல்லை. பாரதிக்கு அப்படியே அவள் முகம்.

தண்ணீர் குடிக்க எல்லாரும் குழாயடிக்கு வந்தபோது, பெட்டிக்கடையில் வாங்கிய திருநீற்றை மகளின் நெற்றியில் அப்பினார்.

"இன்னாப்பா இது?"

"சும்மா இரு. நல்லதுக்குத்தான்."

வேர்வையில் அது மூக்கு வழியாக ஒழுகியது. அவள் துடைத்துப் போட்டாள். நெற்றியில் நிற்காவிட்டால் காலடியிலாவது கிடக்கட்டும் என்று, பிள்ளைகள் திரும்புவதற்குள் உள்ளே போய் மிச்சப் பொட்டலத்தைத் தரையெல்லாம் தூவிவிட்டு வந்தார்.

வழவழத்த சிமெண்டுத் தரை. அதன்மேல் மாவு போலத் திருநீறு. முதலில் வந்த பெண் வழுக்கி விழுந்தாள். அவளைப் பிடிக்கப் போன பையன் விழுந்தான். அவனைப் பிடிக்கப் போன டீச்சர் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். அதுவரை ஒருத்தியிடம் இருந்த காத்து இப்போது எல்லாரிடமும் தாவிவிட்டது என்று கொளஞ்சியப்பன் முடிவு கட்டினார்.

தரை சரியில்லை, நின்று ஆட வேண்டாம், ஜோடி ஜோடியாக ஒருத்தர் முதுகின்மேல் ஒருத்தர் உருண்டு போகலாம் என்றார் டீச்சர். உருண்டார்கள். பாரதியும் உருண்டாள். அவிழ்ந்த தலைமுடி முகத்தை மூடிக்கொண்டது. இனி சந்தேகமே இல்லை. கொளஞ்சியப்பன் ஓடிப்போய் எலுமிச்சம்பழம் வாங்கி, வெட்டிக் குங்குமம் தடவி, மூலைக்கொன்றாகக் காவலுக்கு இருக்கட்டும் என்று ஜன்னல் வழியாக எறிந்தார். அதில் ஒன்று மூலைக்குப் போகாமல் நடுவே போய், உருண்டுவந்த இளவரசன் என்ற பையனின் முதுகுக்கு அடியில் நசுங்கியது. எழுந்தவன் பனியனில் சிவப்பாக வழிவதைப் பார்த்து அலறினான். அவனைப் பார்த்துப் பாரதியும் அலறினாள். அது கொளஞ்சியப்பனுக்குத் தங்கச்சியின் குரலாகவே கேட்டது.

எறிந்தது யார் என்று டீச்சர் ஜன்னலுக்கு வருவதற்குள் அவர் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிவிட்டார்.

அங்கே ராஜாங்கம் பூசாரி டீ குடித்துக்கொண்டிருந்தார். யார் வீட்டிலோ பரிகாரம் செய்ய வெள்ளிமலையிலிருந்து ஜீப்பில் இறங்கியவர். அவர் உடுக்கையை எடுத்தால் எந்தக் காத்தும் நிற்காது என்று சுற்றுவட்டாரமெல்லாம் பேர். கொளஞ்சியப்பன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, தங்கச்சியைத்தான் விட்டுவிட்டேன், மகளையாவது காப்பாற்றிக் கொடுங்கள் என்று அழாத குறையாகச் சொன்னார்.

"எந்த எடம்?" என்றார் பூசாரி.

ஜவ்வரிசிக் குடோன் என்றதும் அவர் கொஞ்ச நேரம் டீயையே பார்த்துக்கொண்டிருந்தார். கொளஞ்சியப்பனுக்குப் பயம் இரட்டித்தது. பூசாரியே யோசிக்கிறார் என்றால் அது பெரிய காத்தாகத்தான் இருக்கும்.

இருவரும் போய்ச் சேர்ந்தபோது குடோனில் தரையைத் துடைத்துவிட்டு மறுபடி வட்டம் கட்டியிருந்தார்கள். நடுவில் பாரதி கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டிருந்தாள். இப்போது உடுக்கை அடிக்கும், இதோ அடிக்கும் என்று கொளஞ்சியப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். பூசாரி உடுக்கைப் பையை ஓரமாக வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். வட்டத்தில் ஆள் குறைந்த இடத்தில் போய் நின்று, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, சாய்ந்து வந்த பாரதியை அலுங்காமல் தாங்கி அடுத்த கைக்கு அனுப்பினார்.

பூசாரி தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்:

"கோச்சிக்காதீங்க பெரியவரே. சாமி வர்றது சாமி இஷ்டம், ஆனா வந்து கீழ விழறது என் இடுப்புதானங்க. வலிக்காம விழறதுக்கு ஞாயித்துக்கெழம செட்டுல நானும் இங்கதான் கத்துக்கினு இருக்கறேன்."

கொளஞ்சியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார். காத்து பூசாரியையே பிடித்துவிட்டதே என்று முனகிக்கொண்டு, இதைவிடப் பெரிய பூசாரி யார் இருக்கிறார் என்று விசாரிக்க மறுபடியும் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்.