ஓகார அத்தான்

இவரை உங்களுக்குத் தெரியும். பேருந்தில் உங்கள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார். கல்யாண வீட்டில் எதிர்வரிசையில் சாப்பிடுகிறார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில், நீங்கள் கண் விழித்துப் பல் துலக்குவதற்குள் நாலைந்து காணொளிகளை அனுப்பிவிட்டு, ‘பார்த்தாச்சா?’ என்று விசாரிக்கவும் ஆரம்பித்திருப்பார். பொய் சொல்ல மாட்டார். உண்மையும் சொல்ல மாட்டார். இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து இருக்கிறது, அதில் வசதியாகக் குடித்தனம் நடத்துகிறவர். நான் அவருக்கு வைத்திருக்கும் பெயர் ஓகாரர்.

அதென்ன பெயர் என்கிறீர்களா? ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘இந்தக் கோபுரத்தை மனிதர்கள்தான் கட்டினார்கள்.’ சப்பென்று இருக்கிறது, இல்லையா? இப்போது வாலில் ஒரே ஓர் எழுத்தைச் சேருங்கள். ‘இந்தக் கோபுரத்தை மனிதர்கள்தான் கட்டினார்களோ?’ அவ்வளவுதான். கல் உடைத்தவன், சுமந்தவன், சாரம் கட்டியவன், கீழே நின்று திட்டிய மேஸ்திரி, அத்தனை பேருக்கும் ஒரு நொடியில் வேலை போயிற்று. வானத்திலிருந்து வேறு ஆள் இறங்கியாகிவிட்டது.

நான் ஒரு பதிப்பகத்தில் பிழை திருத்துபவன். ஒற்று மிகுந்தால் வெட்டுவேன், குறைந்தால் சேர்ப்பேன். ஆனால் இந்த ஓகாரத்தை என்னால் ஒன்றும் செய்ய முடிந்ததில்லை, ஏனென்றால் அது பிழையே அல்ல. ஐயத்துக்கு என்று இலக்கணமே மனமுவந்து கொடுத்தது. சந்தேகம் வந்தவன் எழுந்துபோய் நாலு இடத்தில் விசாரிப்பான் என்று நம்பிக் கொடுத்திருக்கிறார்கள், பாவம். ஓகாரர் எழுந்திருக்கவே மாட்டார். ஓ போட்டதுமே அவர் வேலை முடிந்தது. மறுத்துப் பேசிப் பாருங்கள். "நான் சொன்னேனா? கேட்டேன். ஒரு மனுஷன் கேக்கக்கூடக் கூடாதா?" என்பார். கேட்கலாம் சுவாமி, பதிலையும் ஒருநாள் கேட்டால் என்ன?

எனக்கு வாய்த்த ஓகாரர் என் அக்காவின் கணவர். அத்தானை முட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். காப்பீட்டு அலுவலகத்தில் இழப்பீடு கோரி வருகிறவர்களை ஆராயும் வேலையில் முப்பது வருடம் இருந்தவர். ஒருவன் கட்டுப்போட்ட காலோடு நொண்டிக்கொண்டு எதிரே வந்து நின்றாலும், கால் ஒடிந்ததற்குச் சான்று கேட்பார். எக்ஸ்ரேயைக் காட்டினால், அது அவனுடைய கால்தான் என்பதற்குச் சான்று கேட்பார். காய்கறிக்காரர் தராசை இரண்டு முறை பார்ப்பார். பெற்ற மகன் தேர்வில் முதலாவது வந்தபோது, மற்ற பையன்கள் எழுதினார்களா என்று பள்ளிக்கே போய் விசாரித்துவிட்டு வந்தவர். அப்பேர்ப்பட்ட மனிதர், ராத்திரிச் சாப்பாடு முடிந்து சோபாவில் சாய்ந்து ரிமோட்டைக் கையில் எடுத்தால், எதைச் சொன்னாலும் நம்பும் பச்சைக் குழந்தையாகிவிடுவார்.

அந்தச் சேனலையும் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் நானும் அத்தானும் சேர்ந்து பார்த்த சேனல்தான். எறும்பு எப்படி வீடு கட்டுகிறது என்று ஒரு மணி நேரம் காட்டுவார்கள். வெயிலில் தலையில் துணி போட்டுக்கொண்டு ஓர் அம்மாள் சின்னத் தூரிகையால் மண்ணைத் தள்ளித் தள்ளி, கடைசியில் உடைந்த பானையின் விளிம்பு ஒன்றைக் காட்டி, "இதை எதுக்கு வச்சிருந்தாங்கன்னு எங்களுக்கு இன்னும் தெரியல" என்று சொல்லிவிட்டு வெட்கமில்லாமல் சிரிப்பார். தெரியவில்லை என்பதை அவ்வளவு அழகாகச் சொன்ன ஆளை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. இப்போது அதே சேனலில் அதே நேரத்தில் ஒரு முரசு அடிக்கிறது. நீல வெளிச்சத்தில் ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு நடக்கிறார். ‘அறிஞர்கள் அதிர்ந்துபோனார்கள்’ என்கிறது கரகரத்த குரல். எந்த அறிஞர்கள்? எந்த ஊர்? அதிர்ந்தவர்களில் ஒருவரையாவது கண்ணில் காட்டக்கூடாதா? ‘அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தது என்ன?’ என்று கேட்டுவிட்டு சோப்பு விளம்பரத்துக்குப் போய்விடுவார்கள். திரும்பி வந்ததும், போவதற்கு முன் காட்டியதையே இன்னொரு முறை காட்டுவார்கள். கதவுக்குப் பின்னால் இருந்தது இன்னொரு கதவு. அது அடுத்த வாரம்.

இதெல்லாம் சோபாவோடு நின்றிருந்தால் நான் ஏன் எழுதப்போகிறேன்? விஷயம் என் அக்காவின் முழங்காலுக்கு வந்துவிட்டது.

அத்தானின் வீடு அவருடைய அப்பா கட்டியது. இருக்கும் ஒரே கழிவறை மாடியில் இருக்கிறது. அக்காவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. கைப்பிடியைப் பிடித்து, ஒரு படி ஏறி, நின்று, மூச்சு வாங்கி, அடுத்த படியைப் பார்த்து ஒருமுறை பெருமூச்சு விட்டு ஏறுவாள். இதற்குப் பயந்தே பகலில் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டாள். கீழே பின்புறத்தில் ஒரு கழிவறை வேண்டும் என்று வருடக்கணக்காகக் கேட்டு, அழுது, பேசாமலிருந்து, கடைசியில் அத்தான் தலையாட்டினார். ஆட்கள் வந்தார்கள். தோண்டினார்கள். இடுப்பளவு ஆழத்தில் கடப்பாரை ‘டங்’ என்றது.

"சார், ஒரு கல்லு தட்டுது. உடைச்சிடட்டுமா?"

அத்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குள் குதித்தார். மண்ணைக் கையாலேயே தள்ளினார். சதுரமான பெரிய பலகை. அதன் ஓரத்தில் ஒரு காலடித் தடம். சின்னத் தடம். அதில், சுண்டுவிரலைத் தாண்டி இன்னொரு விரல். மொத்தம் ஆறு.

அன்றைக்கே வேலை நின்றது.

எனக்குத் தகவல் வந்து நான் போய்ச் சேர்ந்தபோது குழியைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. நான் குனிந்து பார்த்தேன். பார்த்தவுடனே தெரிந்தது.

"அத்தான், இது சிமெண்டு."

"அதைத்தான் மாப்ள நானும் சொல்றேன். அந்தக் காலத்துலயே சிமெண்டு இருந்திருக்குமோ?"

"எந்தக் காலத்துல?"

"அதானே தெரியல!"

"ஓரத்துல பாருங்க, கம்பி நீட்டிக்கிட்டிருக்கு."

அத்தானின் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "கம்பி கட்டிப் போட்டிருக்கான் பாரு! நமக்கு முன்னாடியே!"

ஓகாரரிடம் வாதம் செய்வதில் உள்ள சிரமம் இதுதான். எதிராக நீங்கள் எடுத்துவைக்கும் ஒவ்வொரு சான்றையும் அவர் நன்றி சொல்லி வாங்கித் தன் பக்கத்தில் அடுக்கிக்கொள்வார். நீங்கள் பேசப் பேச அவர் வீடு உயரும்.

படம் எடுத்துச் சேனலுக்கு அனுப்பினார். வந்தே விட்டார்கள். இயக்குநர் என்று ஒருவர், கேமராக்காரர் ஒருவர், ஒன்றும் செய்யாமல் வியந்துகொண்டிருக்க ஒருவர். வீட்டுக்கு ஆள் வருகிறதே என்று அக்கா ஓர் ஆளைக் குழியில் இறக்கிப் பலகையைத் துடைப்பத்தால் தேய்த்துக் கழுவச் செய்திருந்தாள். இயக்குநர் பதறிப்போய் அதன்மேல் இரண்டு கூடை மண்ணைக் கொட்டச் சொன்னார். பிறகு அத்தான் அதே மண்ணை விலக்கி அதே பலகையைக் கண்டுபிடித்தார். முதல் தடவை வியப்பு போதவில்லை என்று மறுபடி கொட்டி, மறுபடி கண்டுபிடித்தார். பட்டப்பகலில் கையில் டார்ச் கொடுத்தார்கள். ஒரு பிடி மண்ணை எடுத்து விரலிடுக்கில் ஒழுகவிட்டுக்கொண்டே அடிவானத்தைப் பார்க்கச் சொன்னார்கள். அடிவானம் இருந்த திசையில் பக்கத்து வீட்டுத் துணிக்கொடி இருந்தது. அதைப் பார்த்தார்.

மாற்றுக் கருத்தும் வேண்டும் என்று என்னையும் நிறுத்தினார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, தெளிவாகச் சொன்னேன்: "வேற்றுக் கிரகத்துக்காரன் இங்க வந்து கால் வச்சிருக்கான்னு சொல்றதெல்லாம் சுத்தப் பேத்தல்."

ஒளிபரப்பான அன்று அத்தான் வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். முரசு அடித்தது. நீல வெளிச்சத்தில் என் முகம் வந்தது. "வேற்றுக் கிரகத்துக்காரன் இங்க வந்து கால் வச்சிருக்கான்" என்றேன். முரசு. விளம்பரம். நம் மொழியில் மறுப்பு எப்போதும் கடைசியில்தான் வரும், கத்தரிக்கோல் அதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. என் முகத்துக்குக் கீழே ‘தொல்லெழுத்து ஆய்வாளர்’ என்று போட்டிருந்தார்கள், ஒரு ‘ல்’ குறைவாக. மறுநாள் அலுவலகத்தில் மேலாளர் என்னைப் பார்த்து ஆறு விரல் காட்டினார்.

அன்று நிகழ்ச்சி முடிவதற்குள்ளேயே அத்தானின் கைபேசி அடித்தது. அவருடைய மூத்த அக்கா, வெளியூரிலிருந்து. எல்லோரும் கேட்கட்டும் என்று அத்தான் பெருமையோடு ஸ்பீக்கரில் போட்டார்.

"டேய்! அது நம்ம பழைய கக்கூஸ் தொட்டி மூடிடா!"

அத்தான் ஸ்பீக்கரை அணைக்கத் தடவினார், குரல் விடவில்லை.

"அப்பா சிமெண்டு போட்டுக் காய வச்சிருந்தாரு. ஓடிப்போய் மிதிச்சவன் நீதான். கால எடுடான்னா எடுக்கத் தெரியாம அப்படியே நகர்த்தின. அதுல விழுந்ததுடா அந்த ஆறாவது விரல். அன்னிக்கு முதுகுல வாங்கினது மறந்துபோச்சா? நாலு தெருவுக்குக் கேட்டுச்சே நீ அழுதது!"

என் அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அத்தானையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கணம், உண்மையிலேயே ஒரு கணம், அவர் கை பின்னால் போய் முதுகைத் தடவியது. உடம்புக்கு ஞாபகம் வந்துவிட்டது! ஆனால் வாய் அதைவிட வேகம்.

"அதே எடத்துல தொட்டி கட்டணும்னு அப்பாவுக்கு ஏன் தோணிச்சு? யாராவது தோண வச்சிருப்பாங்களோ?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. கத்தினேன். அக்காவின் காலைப் பாருங்கள் என்றேன், குழியில் கொசு மொய்க்கிறது என்றேன். "கேக்கக்கூடக் கூடாதா மாப்ள?" என்றார் அத்தான், மிகவும் புண்பட்டவராக. குழி திறந்தே கிடந்தது. அக்கா ஏறி இறங்கிக்கொண்டேயிருந்தாள்.

கடைசியில் அக்காதான் வழி கண்டுபிடித்தாள். ஒரு நாள் மாலை, படியேறப் போனவள் முதல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். காலைத் தடவிக்கொண்டே, யாரையும் பார்க்காமல், மெல்லச் சொன்னாள்.

"ஏங்க, அந்த இடத்துல ஏதாவது சக்தி இருக்குமோ?"

அத்தான் திரும்பினார். முப்பத்தைந்து வருடத் தாம்பத்தியத்தில் அக்கா ஓ போட்டு அவர் கேட்டதில்லை.

"வெயிலும் மழையும் பட்டா அது போயிடுமோ? அது மேல ஒரு சின்ன ரூம் கட்டி, மூடிப் பத்திரமா வைக்கணுமோ? அந்த இடத்துக்கு நேர் மேல, தினமும் கொஞ்ச நேரம் ஆடாம அசையாம உக்காந்திருந்தா..."

அவ்வளவுதான். மறுநாளே ஆட்கள் வந்தார்கள். பலகை அசைக்கப்படாமல் மண்ணுக்குள் அப்படியே இருக்க, அதன் நேர் மேலே கழிவறை எழும்பியது. வெள்ளை ஓடு, பிடித்துக்கொள்ளச் சுவரில் கம்பி, வழுக்காத தரை. நான் பார்க்கப் போனபோது அக்கா என் கையைப் பிடித்து அழைத்துப்போய்க் காட்டினாள். "உண்மையைச் சொல்லிச் சொல்லித் தொண்டை வத்துச்சுடா. ஒரே ஒரு ஓ. முடிஞ்சுது பாரு" என்றாள். எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

போன வாரம் மறுபடி போனேன். காலை நேரம். சமையலறையில் அக்கா இல்லை. மாடிப்படியில், நாலாவது படியில், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள்.

"என்னக்கா, கீழதான் கட்டியாச்சே?"

அவள் பின்புறத்தைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள். போய்ப் பார்த்தேன். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினேன்.

"இரு மாப்ள," என்றது உள்ளேயிருந்து ஒரு பரவசக் குரல். "இப்பத்தான் ஆரம்பிக்குது."

விடிந்ததும் உள்ளே போனால் பத்து மணி வரை வெளியே வருவதில்லையாம். கேட்டால், இன்னும் கொஞ்சம் உட்கார்ந்தால் தெரிந்துவிடுமோ என்கிறாராம். திரும்பி வந்து அக்காவின் அருகில் நின்றேன். "நானே போட்டதுடா," என்றாள். "நானே எடுத்துக் கொடுத்த ஓ. இப்ப யாருகிட்ட போய்ச் சொல்றது?" சொல்லிவிட்டு அடுத்த படிக்குக் காலைத் தூக்கினாள்.

சிரிக்கிறீர்கள். நம்ம பெரியப்பா அச்சு அசல் இவரேதான் என்று யாரையோ நினைத்துக்கொண்டு சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் ஒரு விஷயம். அந்தத் தடத்தில் ஆறாவது விரல் சுண்டுவிரலைத் தாண்டி இருந்தது என்று சொன்னேன். காலை நகர்த்தியதில் விழுந்தது என்றும் சொன்னேன். நகர்த்தினால் எல்லா விரலும்தானே இரண்டிரண்டாக விழ வேண்டும், அது எப்படி ஒன்று மட்டும் என்று, படித்துக்கொண்டிருக்கும்போது எங்கேயாவது ஒரு கணம் உங்களுக்குத் தோன்றியதா? தோன்றியதும் காலை ஈர மண்ணில் வைத்துப் பார்க்க எழுந்து போனீர்களா, இல்லை, உட்கார்ந்த இடத்திலேயே புருவத்தை மட்டும் உயர்த்தினீர்களா?

நீங்களும் ஓகாரரோ?

நான் சொல்லவில்லை. கேட்டேன்.