பெண் பார்க்க வந்த அன்று சாக்ஸபோன்காரரைக் கூட்டி வந்தது பற்றி

அவிநாசி,
9-10-2006

வெள்ளகோவில் ஞானசம்பந்தம் மச்சான் அவர்களுக்கு லிங்கசாமி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே உங்கள் தங்கையின் கோபம் ஒன்றைத் தவிர யாவரும் நலம். அங்கே அக்காவும் குழந்தைகளும் சுகமாயிருக்க வேண்டுகிறேன்.

போனில் நீங்கள் கேட்டதற்கு என் பதில்: பையன் வீட்டாரிடம் மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

நேற்றுக் காலை நான் ஈரோட்டுக்குப் போனது ஜிலேபி வாங்க. அனுப்பியது உங்கள் தங்கை. திரும்பும்போது ஊத்துக்குளியில் ரயில் எஞ்சின் நின்றுவிட்டது, எதிர் சீட்டில் வால்டர் என்று ஓர் அமெரிக்கப் பெரியவர், மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு கடிகாரத்தையே பார்க்கிறார், சாயங்காலம் ஏழு மணிக்குக் கோயமுத்தூரில் ஜாஸ் கச்சேரியாம், நான் இறங்கி வாடகைக் கார் பிடித்து, "டிரெயின் டிலே, கார் அர்ஜென்ட், கம்" என்றேன், பனியன் கம்பெனி இங்கிலீஷ்தான், ஆனாலும் வந்து ஏறிக்கொண்டார். அவிநாசியில் பஸ் ஏற்றிவிடத்தான் நினைத்தேன். ஊட்டு வாசலில் பெண் பார்க்க வந்தவர்களின் வேன் நிற்கவும், பதற்றத்தில் அவரையும் உள்ளே கூட்டிப் போய்விட்டேன்.

உள்ளே பையனின் பெரியப்பா, "கல்யாணத்துக்கப்புறம் புள்ள வேலைக்குப் போக வேண்டாமுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நம் சுபஸ்ரீ தலை குனிந்து நின்றாள். அதுக்கென்னங்க என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அவர் பார்வை வால்டரின் பெட்டி மேல் விழுந்தது.

"ஏனுங்க, உள்ள பனியன் சாம்பிளுங்களா?"

வால்டர் சாக்ஸபோனை எடுத்தார். ஒரு பாட்டு வாசிக்கட்டும் என்று கேட்டதே அந்தப் பெரியப்பாதான் மச்சான், இதை மறந்துவிட வேண்டாம். வால்டர் கண்ணை மூடி வாசித்தார். வாத்தியத்தில் அப்படி ஒரு அழுகை.

"நல்ல காரியம் பேசற எடத்துல என்னங்க இது, எழவு ஊட்டு மேளமாட்ட?" என்றார் பெரியப்பா.

சுபஸ்ரீ இங்கிலீஷில் விசாரித்துவிட்டு, "ஆமாங்க, அவுங்க ஊர்ல சாவு ஊர்வலத்துல வாசிக்கறதுதானாமுங்க. அடக்கம் பண்ணிட்டுத் திரும்பறப்ப சந்தோசமா ஒண்ணு வாசிப்பாங்களாம், செத்த பொறுக்கச் சொல்றாருங்க" என்றாள். அதற்குள் எல்லோரும் செருப்பு மாட்டிவிட்டார்கள்.

வால்டர் காலி நாற்காலிகளுக்கு முன்னால் அந்தச் சந்தோஷத்தையும் வாசித்தார். சுபஸ்ரீ ஜிலேபி டப்பாவில் தாளம் போட்டாள், சிரித்தாள். ஒரு மாதமாக அவள் சிரிக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. "ஏன் கண்ணு, உனக்கு வேலைய உடறது இஷ்டமில்லையா?" என்றேன். "இப்பத்தானுங்கப்பா கேக்கறீங்க" என்றாள்.

ஆகவே மச்சான், ஊரே வந்து சொன்னாலும் நான் இறங்கி வர மாட்டேன். இந்தச் சம்பந்தம் வேண்டாம், இனி அந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம்.

அக்காவுக்கு வணக்கமும் குழந்தைகளுக்கு ஆசியும்.

இப்படிக்கு,
லிங்கசாமி

பி.கு.: இதைத் தபாலில் போடப் போகும்போது பையன் தனியாக மொபெட்டில் வந்து, "வேலைய உடச் சொன்னது பெரியப்பாதானுங்க மாமா, நானில்லீங்க" என்றான். ஒரு மணி நேரமாகச் சுபஸ்ரீயோடு பேசிக்கொண்டிருக்கிறான், உள்ளே ஒரே சிரிப்பு. பெரியப்பாவிடம் போனில் மூன்று தரம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், நேரில் வந்து கேட்கச் சொல்கிறார். இந்தக் கடிதம் கிடைத்த மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்துவிடுங்கள், தனியாகப் போகக் கூச்சமாக இருக்கிறது.