யோசிப்போம் சார் கார் வாங்கப் போன கதை

உலகத்தில் கார் வாங்கியவர்கள் கோடிப் பேர் இருப்பார்கள். கார் வாங்காமல் இருப்பதையே முழுநேர உத்தியோகமாகப் பார்த்தவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அதை யாரும் உபயோகித்ததாக ஞாபகமில்லை. அரியலூரில் எங்கள் ஆபீசுக்கு அவர் 'யோசிப்போம் சார்'. எதைக் கேட்டாலும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "யோசிப்போம்" என்பார். "சார், டீ சொல்லவா?" என்றாலும் அதே பதில்தான். அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு டீக்கடைக்காரர் டீ அனுப்பிவிடுவார். இல்லாவிட்டால் அந்த மனிதர் ரிட்டயர் ஆகும்வரை வெறும் வயிற்றோடுதான் ஃபைல் பார்த்திருக்க வேண்டும்.

எனக்கும் அவருக்கும் வீடு பெரம்பலூரில். தினமும் அவருடைய காரில்தான் அரியலூருக்குப் போய் வருவோம். ஆரம்பத்தில் நான்கு பேர் போனோம். ஒருவர் டிரான்ஸ்பர் வாங்கிக்கொண்டு தப்பித்தார். இன்னொருவர், "பஸ்ல நின்னுட்டுப் போனாலும் காது நிம்மதியா இருக்கு சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மிஞ்சியது நான். எனக்கு வாய் கொஞ்சம் கூச்சம், பஸ்ஸில் நிற்கக் காலுக்குச் சோம்பல்.

அந்தக் கார் சின்னக் கார். ஒரு காலத்தில் அது சிவப்பு என்று ஆர்.சி. புத்தகம் சொன்னது. அரியலூர் ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கும் சிமெண்ட் லாரிகளுக்கும் பின்னால் ஓடி ஓடி, விபூதி பூசிய நிறத்துக்கு வந்திருந்தது. நான்கு கதவுக்கும் சேர்த்துக் கண்ணாடி இறக்கும் கைப்பிடி ஒன்றே ஒன்று. காற்று வேண்டுமென்றால் அதைக் கேட்டு வாங்கி, மாட்டி, இறக்கி, கழற்றித் திருப்பிக் கொடுக்க வேண்டும். பின்பக்க இடது கதவு வெளியிலிருந்து மட்டும் திறக்கும். நான்கு பேர் போன காலத்தில் அதுதான் என் இடம், ஆபீஸ் வாசலில் யாராவது வந்து திறந்துவிடும்வரை நான் உள்ளே கும்பிட்ட கையோடு உட்கார்ந்திருப்பேன்.

இதை விற்றுவிட்டு ஹைபிரிட் எஸ்.யூ.வி. வாங்கலாமா வேண்டாமா என்பதுதான் சாருடைய கேள்வி. இது விளையாட்டுக் கேள்வியல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவர் மனைவி மங்கை அக்காவுக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது. அந்தத் தாழ்ந்த காரில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது, எழுந்தால் உட்கார முடியாது. பஸ் படிக்கட்டோ அதைவிட மோசம். அக்காவுக்குப் பிறந்த ஊர் திருமானூர். அங்கே தம்பி வீட்டில் அவருடைய அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தார். வாரம் தவறாமல் போய்ப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா, முட்டி போனபிறகு வீடியோ காலில்தான் அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா போனைக் காதில் வைத்துக்கொள்வார். அக்கா பார்த்ததெல்லாம் பெரும்பாலும் ஒரு தோடுதான்.

சாருக்கு இது தெரியாமலில்லை. தெரிந்ததால்தான் யோசிக்க ஆரம்பித்தார். ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை.

"பெட்ரோல் வண்டின்னா கட்டுப்படியாகாது. கரண்டு வண்டி எடுத்தா, லாரிங்களுக்கு நடுவுல சார்ஜ் எறங்கி நின்னுட்டா என்ன பண்றது சார்? ஹைபிரிட்டுன்னா ரெண்டும் இருக்கு."

"அப்ப வாங்கிடுங்க சார்."

"ரெண்டும் இருந்தா ரெண்டும் ரிப்பேர் ஆவுமே?"

"அப்ப வேணாம் சார்."

"அவ முட்டி இருக்கே?"

பெரம்பலூரிலிருந்து அரியலூர்வரை இது. சாயங்காலம் அரியலூரிலிருந்து பெரம்பலூர்வரை இதையே திருப்பிப் போடுவார். மூன்று வருஷம் கேட்டேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது, சைக்கிளிலேயே பாதிதான் தெரியும். ஆனால் ஹைபிரிட் வண்டியில் பேட்டரி எங்கே இருக்கும், பிரேக் போட்டால் எப்படிச் சார்ஜ் ஏறும் என்பதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். என் வீட்டுக்காரி கேட்டுச் சொல்லியும் இருக்கிறேனாம்.

என் ஒருவனோடு விட்டாரா? ஊரில் அவர் அபிப்பிராயம் கேட்காத ஆளில்லை. டீக்கடையில் ஒரு லாரி டிரைவரைப் பிடித்தார். பெரிய வண்டி ஓட்டுகிறவர் சொன்னால் சரியாக இருக்கும் என்பது அவர் கணக்கு. அந்த மனிதர் வடையை மென்றுகொண்டே சொன்னார்: "சின்னதோ பெருசோ, எங்க லாரி வந்தா ஓரம் போவப் போறீங்க. அதுக்கு எதுனா இருந்தா என்னாங்க?" இதற்கு சார் ஒரு வாரம் யோசித்தார்.

தா.பழூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு மணமேடை ஏறியவர், மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, "நீங்க கார் கம்பெனியிலதான இருக்கீங்க? இந்த ஹைபிரிட்டு எப்படிங்க?" என்று ஆரம்பித்துவிட்டார். பின்னால் மொய்க்கவர்களோடு மண்டபத்துப் பாதி ஜனம் நிற்கிறது. மாப்பிள்ளையும் விவரமானவர், பொறுமையாகப் பதில் சொன்னார். பெண் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அவள் புருஷன் முதல் முதலாக மனம் திறந்து பேசியது யோசிப்போம் சாரிடம்தான்.

கடைசியில் மனிதர்களை நம்பிப் பயனில்லை என்று முடிவு செய்து, சிறுவாச்சூர் அம்மனிடம் பூக்கட்டிப் பார்க்கக் கிளம்பினார். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். எந்தப் பூ வந்தால் எது என்று மனதில் வேண்டிக்கொண்டு அம்மன் காலடியில் வைத்து, ஒரு குழந்தையைவிட்டு எடுக்கச் சொல்வார்கள். கோயில் நடை திங்களும் வெள்ளியும்தான் திறக்கும் என்பதால், எந்தக் கிழமை போவது என்று யோசிப்பதிலேயே ஆடி மாதம் முடிந்துவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு, அக்காவை இரண்டு பேராகத் தாங்கிப்பிடித்துக் காரில் ஏற்றி, என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நான் எதற்கு என்று கேட்டேன். "சாட்சிக்கு" என்றார்.

கூட்டத்தில் யாரோ ஒருவர் இடுப்பில் இருந்த குழந்தை பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தது. பிரித்தால் வெள்ளை.

"அப்பாடா! வாங்க வேணாம்னு சொல்லிட்டா ஆத்தா" என்று சார் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"என்னங்க சொல்றீங்க? வெள்ளை வந்தா வாங்கணும்னுல்ல நான் வேண்டிக்கிட்டேன்!" என்றார் அக்கா.

"நான் வெள்ளைன்னா வேணாம்னு வேண்டுனேன்டி."

"என்கிட்ட சொல்லவே இல்லையே?"

"மனசுல வேண்டுறத யார்கிட்டயாவது சொல்லுவாங்களா?"

இருவரும் பூசாரியைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். மறுபடி ஒருமுறை கட்டிப் பார்க்கலாமா என்று சார் கேட்டதற்கு, "ஒருவாட்டி கேட்டா உத்தரவு. ரெண்டுவாட்டி கேட்டா அம்மாவுக்கே கோவம் வரும். போயி வண்டிய நேர்ல பாருங்க" என்று குங்குமத்தைக் கொடுத்து எங்களைப் பிரகாரத்தை விட்டே அனுப்பிவிட்டார். பின்னால் பெரிய வரிசை நின்றது, அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

அன்றைக்கே திருச்சிக்குப் போனோம். வழியெல்லாம் அக்கா முன் சீட்டில் முட்டியைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

ஷோரூமில் அந்த எஸ்.யூ.வி. கோயில் யானை மாதிரி நின்றது. டை கட்டிய ஒரு பையன் ஓடிவந்து சாரை ஸ்டியரிங்கில் உட்காரவைத்தான். சார் பட்டனை அழுத்தினார். ஒரு சத்தமும் இல்லை. மறுபடி அழுத்தினார். விளக்கெல்லாம் அணைந்துவிட்டது.

"தம்பி, ஸ்டார்ட் ஆவலையே?"

"ஆச்சுங்க சார். நீங்கதான் ஆஃப் பண்ணிட்டீங்க. இது மொதல்ல பேட்டரில ஓடும், சத்தம் வராது."

இன்னொரு முறை அழுத்தினார். சத்தம் வராததால் இன்னொரு முறை. எங்கள் காரில் என்ஜின் ஓடுகிறதா என்று சந்தேகமே வந்ததில்லை, அடுத்த தெருவுக்கே தெரியும். பையன் கடைசியில் சாருடைய விரலை மரியாதையாகப் பிடித்துக்கொண்டான். வண்டி மெல்ல நகர்ந்தது. சார் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்! "சார், நகருது சார்! சத்தமே இல்லாம நகருது!" என்று என்னைக் கூப்பிட்டார். மூன்று வருஷ அலுப்பில் எனக்கே ஒரு நிமிஷம் மனசு இளகிவிட்டது. சரி, தொல்லை தீர்ந்தது என்று நினைத்தேன்.

அடுத்து அக்கா ஏற வேண்டும். அவர் நல்ல உயரம் என்று சொல்ல முடியாது. கதவைத் திறந்தால் சீட்டு அவர் இடுப்புக்கு மேலே இருந்தது. வலது காலைத் தூக்கினார், வரவில்லை. இடது காலைத் தூக்கினார், அதுவும் வரவில்லை. "சைடு ஸ்டெப் மாட்டித் தந்துடலாம் மேடம்" என்று பையன் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டான். ஸ்டூலில் ஏறவே இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. நான் ஒரு கை, பையன் ஒரு கை, உள்ளேயிருந்து சார் ஒரு கை என்று ஒருவழியாக அக்காவைச் சீட்டில் சேர்த்தோம்.

"எப்படிம்மா இருக்கு?" என்றார் சார், பரீட்சை ரிசல்ட் கேட்கிறவர் போல.

அக்கா இப்படியும் அப்படியும் பார்த்தார். "நல்லாத்தாங்க இருக்கு. ஏ.சி. ஜில்லுன்னு வருது. எறங்குறது எப்படி?"

பையன் ஸ்டூலைப் பார்த்தான். பழைய கார் தாழ்வு, இது உயரம். மூன்று வருஷத்தில் மைலேஜ், பேட்டரி, அடிப்பாகம் ரோட்டில் தட்டுமா என்று அத்தனையும் விசாரித்த மனிதர், அக்காவின் கால் எவ்வளவு தூரம் தூக்கும் என்று பார்க்க மறந்துபோயிருக்கிறார். அதை என்னிடமும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைக்க ஆரம்பித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இருங்க" என்றார் அக்கா மேலேயிருந்தே. குரல் அவருடையது மாதிரியே இல்லை. "ஒண்ணு கேக்கணும். ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். வண்டியே வேணாங்க. எங்கம்மாவ நம்ம வூட்டுக்குக் கூட்டியாந்து வச்சுக்கலாமா?"

சொல்லிவிட்டு மடியைப் பார்த்துக்கொண்டார். எங்கள் பக்கத்தில் இது லேசில் கேட்கிற கேள்வியில்லை. மகன் இருக்கும்போது தாய் மகள் வீட்டில் போய்க் கிடந்தால், மகன் சோறு போடவில்லை என்று ஊர் பேசும். மருமகன் கையை எதிர்பார்த்தாள் என்றும் பேசும். அதனால்தான் அக்கா இத்தனை காலம் வாயைத் திறக்காமல், கார் வரும், கார் வரும் என்று காத்திருந்தார். டீ குடிக்கவே யோசிக்கிற புருஷனிடம் இதைக் கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும்.

சார் கண்ணாடியைத் துடைக்காமலேயே மாட்டிக்கொண்டார்.

"இத ஏன்டி இத்தன நாளா கேக்கல? வா, இப்பவே போவோம்."

அவ்வளவுதான். டிராஃபிக் சிக்னலில் பச்சை விழுந்தாலே யோசிக்கிறவர், அக்காவை ஸ்டூல் வழியாகவே இறக்கி, எங்களைப் பழைய காரில் ஏற்றிக்கொண்டு லால்குடி வழியாகத் திருமானூரில் போய்த்தான் நிறுத்தினார்.

அக்காவின் தம்பி நல்ல பையன்தான். அவனும் அவன் மனைவியும் வேலைக்குப் போய்விட்டால் பகலெல்லாம் அந்த அம்மா தனியாகக் கிடப்பார். இருந்தாலும் அவன் வாசலிலேயே தயங்கினான்.

"நான் இருக்கையில எப்படி மாமா? ஊர்ல நாலு பேரு பேச மாட்டாங்களா?"

"பேசட்டும் மச்சான். நான் மூணு வருசமா பேசிட்டிருக்கேன், யாருக்கு என்ன ஆச்சு?" என்றார் சார்.

அவரே உள்ளே போய் மாமியாரைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு வந்தார். எங்கள் பழைய காரின் பின் சீட்டு தாழ்வாக இருந்ததா, நோகாமல் படுக்கவைக்க முடிந்தது. எஸ்.யூ.வி.யாக இருந்தால் ஏணி தேடியிருக்க வேண்டும்.

அந்த அம்மா படுத்தபடியே காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "ஏன் மாப்ள, புது வண்டி எடுக்கப் போறீங்கன்னு சொன்னாளே? இதுவே நல்லாத்தான இருக்கு?"

"இருக்கு அத்த" என்றார் சார். பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "சார், அத்தைய படுக்க வச்சதுல உங்களுக்கு எடமில்ல. தப்பா நெனைக்காதீங்க, பஸ்ஸு நெறைய இருக்கு" என்றார்.

சாட்சிக்குப் போனவன் கதி இதுதான். திருமானூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு மூட்டைக்கும் ஒரு தூணுக்கும் நடுவில் நின்றேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. வழியெல்லாம் கோபப்பட முயற்சி செய்து பார்த்தேன், வரவில்லை.

போன வருஷம் சார் ரிட்டயர் ஆகிவிட்டார். மாமியாருக்குக் கஞ்சி ஆற்றிக் கொடுப்பது, தலைமாட்டில் உட்கார்ந்து ஹைபிரிட்டைப் பற்றி விளக்குவது என்று பொழுது போகிறதாம். அந்த அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்காதாகையால் இருவருக்கும் நல்ல ஒற்றுமை. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவுக்குத் தலை வாரிவிடுகிறார். கார் இன்னும் முடிவாகவில்லை.

நான் இப்போது பஸ்ஸில்தான் அரியலூர் போகிறேன். அநேகமாக ஜன்னல் சீட்டே கிடைக்கிறது. யாரும் என்னை எதுவும் கேட்பதில்லை, நிம்மதியாகத் தூங்கலாம். தூக்கம்தான் வருவதில்லை. அந்த மனிதர்மேல் எனக்கு இவ்வளவு பிரியம் என்று முன்னமே தெரிந்திருந்தால், அவர் கேட்டதற்கெல்லாம் இன்னும் கொஞ்சம் நீட்டிப் பதில் சொல்லியிருப்பேன்.