விழுந்து காட்டிய முள்ளம்பன்றி

ஒரு காட்டில், சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கிற ஒரே பாறைக்கு அடியில், மரகதவல்லி என்ற முள்ளம்பன்றி குடியிருந்தாள். அவளும் துளசிமணி என்ற வௌவாலும் சேர்ந்து ஒரு செயலி தொடங்கியிருந்தார்கள். எந்தக் குட்டையில் தண்ணீர் இருக்கிறது, எந்தக் குட்டையில் முதலை இருக்கிறது என்று அது சொல்லும். மரகதவல்லி யோசிப்பாள். துளசிமணி தலைகீழாகத் தொங்கிக்கொண்டு புரோகிராம் எழுதுவாள்.

ஆரம்பத்தில் அடிமேல் அடி. முதலீடு கேட்டுப் போனால் மயில், "ஐடியா பிரமாதம்மா. உங்க வீட்டுக்காரர் எப்ப வந்து பேசுவார்?" என்றது. யானை முதுகு சொறிய வந்து, அவர்கள் செயலிக்காக நட்டிருந்த டவரைச் சாய்த்துவிட்டுப் போனது. அதைத் தூக்கி நிறுத்தினால், முதலையே செயலியை இறக்கிக்கொண்டு, வடக்குக் குட்டையில் படுத்தபடி 'முதலை தெற்குக் குட்டையில்' என்று தகவல் போட்டது. அதை நம்பிப் போன மான் ஒன்று வாலைப் பறிகொடுத்தது. மானின் சொந்தபந்தமெல்லாம் பாறை முன்னால் வந்து திட்டித் தீர்த்தது. அன்றைக்கு மரகதவல்லி ஒரு கிழங்குகூடத் தொடவில்லை.

மறுநாளே மகளிர் தொழில்முனைவோர் மீண்டெழல் சங்கம் வந்து சேர்ந்தது. தலைவர் கரடி, செயலாளர் கொக்கு.

"விழுந்துட்டீங்களாமே!" என்றது கரடி, முகமெல்லாம் பல்லாக. "கவலைப்படாதீங்க மேடம், நாங்க இருக்கோம்."

"டவரைச் சுத்தி ஒரு வேலி போட்டுக் குடுத்தா போதும் சார்."

"வேலி நம்ம திட்டத்துல வராது. மனவலிமைதான் வரும்."

ஆலமரத்தடியில் உட்காரவைத்து, கண்ணை மூடி, 'நான் ஒரு ரப்பர் பந்து' என்று சொல்லச் சொன்னார்கள். பிறகு பொன்னாடை போர்த்தினார்கள். அது முள்ளில் மாட்டிச் சல்லடையானது.

ரப்பர் பந்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்று தோழிகளுக்குப் புரிந்தது. டவரைத் தேன்கூட்டுக்குப் பக்கத்தில் மாற்றினார்கள். தேனீக்குப் பயந்து யானை அந்தத் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. இனி முதலையைப் பற்றிய தகவலை ஒரு மீன்கொத்தி பறந்து பார்த்து உறுதிசெய்தால்தான் ஏற்றுவது என்றும் முடிவு செய்தார்கள். அந்தக் கோடை முழுக்க எந்த மிருகமும் பலியாகவில்லை. முதலை இளைத்துப்போய் யோகா வகுப்பில் சேர்ந்தது.

மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் ஆள் விட்டார்கள்: "தாகத்தோட நிக்கிறோம், பயமா இருக்கு, எங்களுக்கும் போட்டுக் குடுங்க." அதற்கு இன்னொரு டவர் வேண்டும். மரகதவல்லி சங்கத்துக்குப் போனாள்.

"இப்ப எப்படிப் போகுது?" என்றது கரடி.

"நல்லா ஓடுது சார்!"

கரடியின் முகம் சுருங்கியது. "நல்லா ஓடுதா? அப்ப நாங்க எப்படிம்மா உதவ முடியும்?"

கொக்கு குரலைத் தாழ்த்தியது. "நாளைக்கு ஆண்டு விழா. சிங்க ராஜா வர்றார். விழுந்து எழுந்த வீராங்கனைன்னு ஒருத்தரைக் காட்டணும். நீங்க விழுந்தது பழைய கதையாயிடுச்சு, அதுக்கப்புறம் யாரும் விழலை. நீங்க கொஞ்சம் விழுந்தீங்கன்னா நல்லாயிருக்கும். சாப்பாட்டு நேரத்துக்குள்ள எழுந்துரலாம்."

மரகதவல்லிக்கு முள்ளெல்லாம் சிலிர்த்தது. "ஓடுற செயலியை நானே கெடுக்கணுமா? அந்த மான் அழுதது இன்னும் காதுல கேக்குது!" என்று பாறையடியில் வந்து குமுறினாள்.

துளசிமணி தலைகீழாகவே யோசித்தாள். "விழணும்னுதானேக்கா சொன்னாங்க? செயலி விழணும்னு சொல்லலையே?"

மறுநாள் மரகதவல்லி மேடையேறினாள். மைக்கைப் பிடித்தாள். "வணக்கம்" என்றாள். தொப்பென்று விழுந்தாள்.

பந்தாகச் சுருண்டு மேடையிலிருந்து உருண்டாள். வாழைமரத் தோரணத்தை இழுத்துக்கொண்டு, கேசரி அண்டாவைக் கவிழ்த்துவிட்டு, நாற்காலிகளுக்கு நடுவே கடகடவென்று போனாள். தூக்கிவிடப் பாய்ந்த கரடி, "ஐயோ, அம்மா!" என்று கதறியது. இரண்டு உள்ளங்கையிலும் முள். மற்ற மிருகங்களுக்கு அது தெரியாது. ஒரு பெண்ணின் வீழ்ச்சிக்காக இப்படி அழுகிற தலைவரை எங்கே பார்க்க முடியும் என்று அவையே விம்மியது. சிங்கம் பிடரிமயிரால் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

மரகதவல்லி எழுந்து நின்றாள், காதில் கேசரியோடு. கைதட்டலில் மரத்துப் பழமெல்லாம் உதிர்ந்தது.

"என்ன வேணும், கேள் மகளே!"

"ஒரு டவர், ராஜா."

"ரெண்டாப் போடு!" என்று கர்ஜித்தது சிங்கம்.

ஒரே வாரத்தில் மலைக்கு அந்தப் பக்கமும் நிம்மதியாகத் தண்ணீர் குடித்தார்கள். செய்தி பரவியது. ஆன்லைனில் முட்டை விற்கிற காட்டுக்கோழி வந்தாள். டிரோன் செய்கிற தும்பி வந்தாள். "அக்கா, எங்களுக்கும் விழச் சொல்லிக்குடுங்க" என்றார்கள். பாறைக்கு மேலேயே பயிற்சி நிலையம் திறந்தாயிற்று. சாதாரணமாக விழுவது, கண்ணீரோடு விழுவது, போட்டோக்காரர் 'ரெடி' சொல்லும்வரை பாதியிலேயே நின்று விழுவது என்று தனித்தனி வகுப்புகள். இன்று காட்டில் பெண்கள் நடத்தும் கம்பெனிகள் எல்லாம் அமோகமாக ஓடுகின்றன. அவற்றின் முதலாளிகள்தாம் வாரம் தவறாமல் விழுந்துகொண்டிருக்கிறார்கள்.

நீதி: நிமிர்ந்து நிற்கிறவளுக்கு யாரும் கை கொடுக்க மாட்டார்கள், ஆகவே பெண்ணே, மேடையும் கேமராவும் இருக்கிற இடமாகப் பார்த்து விழு.